துடக்கோடு போன கோயில்

தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் பெரியப்பா இறந்த செய்தி தொலைபேசியில் வந்து பன்னிரண்டாம் நாள், நான் எகிப்துக்குப் புறப்பட வேண்டியிருந்தது. இத்தாலியில், பலெர்மோவில், நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சின்யோரா, ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எண்பது. எகிப்தின் பழைய கோயில் ஒன்றின் படத்தை வகுப்பறையில் மாட்டிவைத்து முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கால் இன்னும் மோசமாவதற்குள் அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றார். என் கையைப் பிடிக்காமல் அவரால் நடக்க முடியாது.

நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் அறையில் மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, முப்பத்தொண்டு இன்னும் முடியேல்லை. துடக்கோடை கோயிலுக்குள்ளை போகப் போறியளோ?"

"அது கோயில் இல்லையப்பா. வெறுங் கல்லு."

"சின்யோரா கோயில் எண்டுதானே சொன்னவ? அவ படிச்ச மனிசி. நீங்கள் வாசலோடை நிண்டுகொள்ளுங்கோ."

முப்பத்தோராம் நாள் செத்தவீட்டுத் துடக்கு கழியும்வரை நாங்கள் கோயில் மிதிப்பதில்லை. இதைச் சின்யோராவுக்கு விளக்க என் இத்தாலியன் போதாது. அது சமையலறைக்கும் மருந்துக்கடைக்கும் அளவானது. துணிவு அதைவிடக் குறைவு. விமானத்திலும் சொல்லவில்லை, ஆற்றுப் படகிலும் சொல்லவில்லை.

கோயில் வழியின் இரண்டு பக்கமும் ஆட்டுத் தலையோடு கற்சிலைகள் வரிசையாகப் படுத்திருந்தன. எங்களோடு வந்த சுற்றுலாக் கூட்டம் வழிகாட்டி உயர்த்திப் பிடித்த குடைக்குப் பின்னால் உள்ளே போய்விட்டது. நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"என்ன?" என்றார் சின்யோரா.

"அப்பாவின் அண்ணன் செத்துவிட்டார். நான் கோயிலுக்குள் வரக்கூடாது."

"ஏன் அன்றைக்கே எனக்குச் சொல்லவில்லை?" என்றார். வாசலுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "இதுவும் செத்தவீடுதான். இங்கே இருந்த கடவுள் எப்போதோ போய்விட்டார்" என்றார்.

சிரிப்பு வந்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

"சரி, நீ நில்." தடியை ஊன்றித் தனியே நடந்தார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது அடியில் தடி கல் இடுக்கில் சறுக்கியது. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் பார்த்தேன், வாசலுக்கு உள்ளே நிற்கிறேன். அதுவும் சப்பாத்தோடு.

அதற்குப் பிறகு கையை விடவில்லை. கடைசி அறையில் வெறும் கற்பீடம், வௌவால் நாற்றம். யாரோ ஒரு பயணி அந்தப் பீடத்தில் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டுக் கமராவுக்குப் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தார். சின்யோரா பீடத்தைத் தொட்டார். "படத்தில் இது சின்னதாக இருந்தது" என்றார். 

நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். இந்தச் சாமிக்குத் தமிழ் தெரியாதே என்று இத்தாலியனிலும் ஒருமுறை கேட்டேன். பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்தால் சொல்லும் 'ஸ்கூசி'தான் எனக்குத் தெரிந்த சொல்.

வீடு திரும்பியதும் மனைவி கதவிலேயே மறித்தாள்.

"உள்ளுக்குப் போனியளோ?"

"ஓம்."

"முதல் போய் முழுகுங்கோ."

நான் முழுகும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். "என்னத்துக்குப் போனனீங்கள்?"

"வாசலிலைதான் நிண்டனான். அவ தனிய நடந்து விழப் பார்த்தா."

தண்ணீர்ச் சத்தத்தை மீறி அவள் குரல் வந்தது.

"எண்பது வயசு மனிசியைத் தனிய நடக்க விட்டிட்டு வாசலிலை நிண்டனீங்களோ?"