ஏழாவது கோப்பையில் கிடந்தது

யோகேஸ்வரன் ஒரு கரண்டி தேத்தண்ணி உறிஞ்சினால் கொத்மலை நீர்த்தேக்கத்து மீன்கள் தலையை நீட்டிப் பார்க்கும் என்று இறம்பொடைப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மீன் பார்த்ததோ இல்லையோ, தேயிலைத் தொழிற்சாலை மேல்மாடியில் அவர் காலையில் சாம்பிள் ருசி பார்க்கிற சத்தம் எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக் கேட்டது உண்மை. அந்த விசிலை வைத்தே அவர்கள் மணி எட்டரை என்று சொல்லிவிடுவார்கள்.

விசிலுக்குக் காரணம் பல். மேல்வரிசையில் முன்பற்கள் நாலும் ஹட்டன் கடைசி பஸ்ஸில் ஏறிய சனம் மாதிரி ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. அவர் டீமேக்கர், தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பானவர். வடித்த சாயத்தைச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பக்கத்து வாளியில் துப்புவது அன்றாட வேலை. அவர் உறிஞ்சினால் பாதி வாய்க்குள் போகும், மீதி எதிரே நிற்பவரின் வெள்ளைச் சட்டைக்குப் போகும். நாற்பத்து நாலு வயதுவரை வாயைக் கையால் மூடித்தான் சிரித்தார். கல்யாணப் படத்தில்கூடத் தும்மலை அடக்குகிற மாப்பிள்ளை மாதிரித்தான் நிற்கிறார்.

ஈறில் இரத்தம் கசியத் தொடங்கியதும், தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மனைவி ஊர்மிளா அவரை நுவரெலியாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பல் டொக்டர் லோஜனா யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"கம்பி கட்டத் தேவையில்லை. கண்ணாடி மாதிரி ஒரு உறை, போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு கிழமைக்கு ஒண்டு, மொத்தம் இருபத்தாறு. நாளுக்கு இருபத்திரண்டு மணித்தியாலம் வாயில இருக்கோணும். அதைப் போட்டுக்கொண்டு தண்ணி மட்டும்தான் குடிக்கலாம். தேத்தண்ணி எத்தினை தரம் குடிப்பியள்?"

"அம்பது, அறுபது தரம் இருக்கும் டொக்டர்."

டொக்டரின் பேனா அப்படியே நின்றுவிட்டது.

"குடிக்கிறதில்லீங்க, துப்பிடுவேன்" என்றார் யோகேஸ்வரன் பயந்துபோய்.

அன்றிலிருந்து ஒரு வருஷம் அவர் பட்ட பாடு உறையால் அல்ல, உபசாரத்தால். எந்தத் தொழிலாளர் லயத்துப் பக்கம் போனாலும், உட்காருவதற்குள் கையில் கோப்பை வந்துவிடும். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் வாடும். பல்லைச் சரிபண்ணுகிறேன் என்று சொல்லவோ வெட்கம். "வயித்துல புண்ணு" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். பொய் அவரைவிட வேகமாக மலை ஏறியது. ஒரே மாதத்தில் அவருக்குப் பாதி வயிற்றைக் கொழும்பில் வெட்டி எடுத்தாயிற்று என்றார்கள். அவர் பேரில் அனுமார் கோயிலுக்கு மூன்று வடைமாலை நேர்த்தி விழுந்தது. சாம்பிள் ஊற்றிக் கொடுக்கிற மீனம்மா தினமும் வெந்தயக் கஞ்சியோடு வந்தாள்.

ருசி பார்க்கும்போது உறையைக் கழற்றி வைக்க டொக்டர் ஒரு நீல டப்பா கொடுத்திருந்தார். அதை மேசையில் வைத்தால் யாராவது என்னவென்று கேட்பார்களே! யோகேஸ்வரன் வேறு இடம் பிடித்தார். அங்கே சாம்பிள் போடுகிற வெள்ளைக் கோப்பைகள் மூடியோடு வரிசையாக இருக்கும். தேயிலையில் ஆறு ரகம், தினமும் ஆறு கோப்பை. ஏழாவது சும்மா நிற்கும். அதற்குள் உறையைப் போட்டு மூடிவிடுவார். வெள்ளைப் பீங்கானில் கண்ணாடி உறை. உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

கடைசி உறை வாய்க்கு வந்து பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை டொக்டர் பார்த்து "சரி" என்றால் எல்லாம் முடிந்தது. "இடையில விட்டியளெண்டால் பல்லு ஓடிப்போடும், பிறகு புதுசா அளவெடுத்து முதலில இருந்து தொடங்கோணும்" என்று அவர் எச்சரித்திருந்தார். இன்னொரு வருஷம் பொய் சொல்ல யோகேஸ்வரனிடம் வயிறு மிச்சமில்லை.

அன்று காலை உறையைக் கழற்றிக் கோப்பையில் வைத்த கையோடு, கீழே பெரிய துரையின் ஜீப் சத்தம் கேட்டது. தோட்டத்து மனேஜர். வரவேற்க ஓடினார். துரையின் டிரைவர் ஒரு பொட்டலத்தோடு முன்னாலேயே மாடி ஏறிப்போனார். பக்கத்துத் தோட்டத்துச் சாம்பிளாம். நம்முடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் துரை ஆசைப்பட்டார்.

யோகேஸ்வரன் துரையோடு மேலே வந்தபோது ஐந்து நிமிஷ மணற்கடிகாரத்தில் மணல் முழுவதும் இறங்கி, கிண்ணங்களில் சாயம் வடித்து வைத்திருந்தது. எண்ணினார். ஏழு.

"மீனம்மா," என்றார், "ஏழாவதுல என்ன?"

"தொரை கொண்டாந்த தூளுதாங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன்."

அவர் நெஞ்சுக்குள் மணல் இறங்கிற்று. துரை ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டு வந்தார். ஏழாவதில் நின்றார். கண்ணை மூடினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

"யோகேஸ்வரன், இதைப் பாருங்க! ஒரு குளிர்ச்சி, ஒரு புதினா வாசம். இதே மலை, இதே மழை. நம்ம தேயிலையில ஏன் இது வரல?"

காலையும் மாலையும் அந்த உறையைப் பற்பசை போட்டுத் தேய்ப்பவருக்குத் தெரியாதா புதினா எங்கிருந்து வந்ததென்று?

"எலையைக் காட்டும்மா" என்றார் துரை.

வெந்த இலையை மூடியில் கவிழ்த்துக் காட்டுவது வழக்கம். மீனம்மா கவிழ்த்தாள். ஈர இலைக்கு நடுவே, பொரித்த கருவாடு மாதிரிச் சுருண்டு பழுப்பாக ஒன்று கிடந்தது.

"இது என்ன?" துரை கரண்டியால் குத்தினார். "பக்கத்துத் தோட்டத்துல பிளாஸ்டிக்கையா அரைக்கிறாங்க? இப்பவே போன் போடுறேன்!"

ஒரு நிமிஷம் பேசாமல் நின்றிருந்தால் பழி மலைதாண்டிப் போயிருக்கும். ஆனால் பக்கத்துத் தோட்டத்து டீமேக்கரும் பிள்ளைகுட்டிக்காரர்.

"சேர், அது என் பல்லுங்க."

துரை வாளியைத் தேடிப்போய் மூன்று தரம் துப்பினார். மீனம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். யோகேஸ்வரன் ஒரு வருஷக் கதையை, இல்லாத வயிற்றுப்புண் உட்பட, ஒரே மூச்சில் கொட்டினார்.

"அப்ப நான் ஊத்திக் குடுத்த கஞ்சி?" என்றாள் மீனம்மா.

"ரொம்ப ருசிங்க."

துரைதான் முதலில் சிரித்தார். அடுத்து மீனம்மா. கடைசியில் யோகேஸ்வரனே சிரித்தார், மறைக்கக் கை எழும்பாமல். "அட, ஐயாவுக்குப் பல்லு வரிசையா இருக்கே!" என்று மீனம்மா கத்தியது கீழே இயந்திரச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

சிரிப்பு அடங்கியதும் பயம் திரும்பியது. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். பல் ஓடிவிடுமே! கட்டைவிரலால் முன்பற்களை அழுத்திப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். வழியில் கண்டவர்கள் ஐயாவுக்கு மூளையிலும் புண் என்று முடிவு கட்டினார்கள்.

ஊர்மிளா டொக்டருக்குப் போன் போட்டாள்.

"முந்தின உறை இருக்கோ? இருந்தால் உடனே போடச் சொல்லுங்கோ. பல்லை அது பிடிச்சு வைக்கும்."

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேனே!" என்று யோகேஸ்வரன் தலையில் கைவைத்தார்.

"நீங்க போட்டீங்க. நான் பொறுக்கி வச்சேன்" என்றாள் ஊர்மிளா. பிஸ்கட் டின்னைத் திறந்தாள். இருபத்தைந்து உறைகளும் இருந்தன. "குப்பையில பல்லு கெடந்தா ஊரே பயந்துடாதா?"

எல்லாம் ஒரே அச்சு. ஓரத்தில் பொறித்த பொடி எண்ணை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, இருபத்தைந்தைக் கண்டுபிடித்தாள். அது 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. யோகேஸ்வரனுக்கு அதன்பிறகுதான் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை டொக்டர் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டு இப்படியும் அப்படியும் பார்த்தார். ஊர்மிளா யோகேஸ்வரனின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் அசையேல்லை. வடிவா வந்திட்டுது. இனி ராவில மட்டும் ஒண்டு போட்டால் காணும்" என்று புது உறையை நீல டப்பாவோடு நீட்டினார். "இதைக் கோப்பையில போடாதேங்கோ."

திரும்பும் வழியில் இறம்பொடையில் இறங்கினார்கள். கடையில் இரண்டு தேத்தண்ணி சொன்னார்கள். யோகேஸ்வரன் உறிஞ்சினார். விசில் வரவில்லை. துப்பவும் இல்லை, விழுங்கினார். உறையைத் திரும்பப் போட மணி பார்க்கவில்லை. ஊர்மிளா எதிரே சிரித்தாள். அவரும் சிரித்தார், வாயைத் திறந்தபடியே.

எதிர்மலைப் பெண்களுக்கு இப்போது எட்டரை தெரிவதில்லை. "ஐயா, பழைய பல்லையே வச்சிருக்கலாம்" என்று அலுத்துக்கொள்கிறார்கள். மீனம்மா மட்டும் வெந்நீர் ஊற்றுமுன் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, கோப்பைக்குள் குனிந்து கேட்கிறாள்:

"ஐயா, உள்ள இருக்கீங்களா?"