வாளிக்காரி வாய் திறந்தாள்

முகாமில் அவளுக்கு வாளிக்காரி என்றுதான் பெயர். கால்வாய்க் கரையில் புதர் மண்டிக் கிடந்ததால் அதை மேய்ந்து தீர்க்க நகராட்சி ஆடு வாங்கி விட்டிருந்தது. மேய்க்கும் வேலை, ஆடு வளர்த்துப் பழகிய அகதிகளுக்கு. மற்றவர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி "ஹோ... பா... பா..." என்று இழுத்துக் கூப்பிடுவார்கள், ஆடுகளும் அதற்குப் பழகிவிட்டன. இவள் மட்டும் தவிட்டு வாளியைக் குலுக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். ஊமை என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். ஊமையாவது ஒன்றாவது! சொந்த ஊரில் மலைக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தால், அந்தப் பக்கத்து ஆடெல்லாம் விழுந்தடித்து ஓடிவரும்.

அந்தக் குரல்தான் அவளை அரித்துத் தின்றது. ஊரை விட்டு ஓடிய அன்று பட்டியைத் திறந்து ஆடுகளை மலைக்கு விரட்டிவிட்டாள். புல் இருக்கிறது, சுனை இருக்கிறது, எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். அதோடு விட்டிருக்கலாம். தான் ஏறிய லாரி கிளம்பியதும் மனசு கேட்காமல் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுத் தொலைத்தாள், பாவி! அத்தனையும் இறங்கிவந்து குண்டு விழுகிற சாலையில் லாரிக்குப் பின்னாலேயே ஓடின. கையில் கிடைத்ததை எல்லாம் வீசி விரட்டினாள். ஒன்றும் திரும்பவில்லை. ஒவ்வொன்றாக விழுந்ததைக் கண்ணால் பார்த்தாள்.

"வேணும்னேவா செஞ்சீங்க, அண்ணி?" என்பாள் கூடவே மேய்க்கும் நாத்தனார்.

"வேணும்னு செஞ்சாத்தான் பாவமா?"

ஒரு நாள் காலை நகராட்சி சூப்பர்வைசர் அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்: "ஒரு ஆடு ரோட்டுல ஏறுச்சுன்னாலும் உங்க ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது." மத்தியானமே கம்பிவேலி சரிந்து, மந்தை மொத்தமும் பெரிய சாலையில் ஏறிவிட்டது. இவள் வாளியைக் குலுக்கிப் பார்த்தாள். லாரி இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

"கூப்பிடுங்க அண்ணி! உங்க கால்ல விழறேன்!" என்று நாத்தனார் அலறினாள்.

கூப்பிட்டாள். கரையே அதிர்ந்தது. ஆடுகள் தலை திருப்பின. புழுதி பறக்கச் சரிவில் இறங்கிவந்து அவள் முழங்காலை முட்டின. ஒன்று பாக்கியில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அடேங்கப்பா! இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டா வாளியைத் தூக்கிட்டு அலைஞ்சே? நீ கூப்பிட்டா எங்க வேணாலும் வருமே!"

"வரும்மா," என்றாள் அவள். "எங்க கூப்பிடுறேன்னு கேக்காது. வந்துடும்."