விரலுக்குத் தெரியாத சூடு

ஒருவனுடைய கைவேலை அவன் கையில்தான் இருக்கிறதா? கை மரத்துப்போன பிறகும் வேலை சரியாக வந்தால், அதைச் செய்தது யார்? அருள்பிரகாசம் இப்படியெல்லாம் கேட்டுக்கொள்கிறவர் அல்ல. ஆனால் அவருடைய ஐம்பத்து நான்காவது வயதைப் பற்றிச் சொல்ல வருகிற யாருக்கும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக வழியில்லை.

ராயபுரத்தில் வீடு. திருவொற்றியூரில் ஒரு லேத்துப் பட்டறையில் முப்பத்தொரு வருட வேலை. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஷாஃப்ட், அதாவது எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் போய் விசிறியைச் சுற்றும் நீளத் தண்டு, அதைக் கடைந்து தருவதுதான் அங்கே முக்கிய வேலை. அவரைப் பெரிய திறமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. அவர் கடைந்தது திரும்பி வந்ததில்லை, அவ்வளவுதான்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கடையும் டூலை, அதாவது இரும்பைச் சீவும் எஃகு உளியை, அவனவனே சாணை பிடித்து அவனவன் தகர டப்பாவில் வைத்துக்கொள்வான். அடுத்தவன் டூலை யாரும் தொடமாட்டார்கள். சாணைக்கல்லில் பிடிக்கும்போது கையுறை கூடாது. துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். வெறும் விரலால் பிடிக்க வேண்டும். சூடு பொறுக்காமல் போகும்போது எடுத்துத் தண்ணீரில் முக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. விரல் சுடும், அதுதான் கணக்கு.

அருள்பிரகாசத்துக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். விரல் நுனிகள் மரக்க ஆரம்பித்து இரண்டு வருடம். ஒருநாள் கட்டைவிரலில் கொப்புளம் இருந்ததை அவர் மனைவி மெர்லின்தான் பார்த்தாள். எப்போது சுட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது, மரப்பு மேலே ஏறாமல் பார்த்துக்கொள் என்றார் டாக்டர். அருள்பிரகாசம் சரி என்று எழுந்து வந்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று வழியிலேயே மெர்லினிடம் சொன்னார். அதற்காக வருத்தப்பட்டதாகவோ பயந்ததாகவோ சொல்ல முடியாது. விரலுக்கு வந்தது உள்ளேயும் கொஞ்சம் வந்திருந்தது போல இருந்தது.

கடலுக்குப் போகத் தடை இருக்கும் இரண்டு மாதங்களில் படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும், பட்டறையில் வேலை குவியும். அப்படி ஒரு மே மாதத்தில்தான் அது நடந்தது. டூலைக் கல்லில் அதிக நேரம் பிடித்துவிட்டார். முனை நீலம் பாய்ந்தது. பிறகு பழக்கத்தில் தண்ணீரில் முக்கினார். அந்தச் சூட்டில் முக்கினால் எஃகு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். பாதி ஷாஃப்ட் கடைந்தபோது முனை உதிர்ந்து, தண்டில் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தது. எட்டடி ஸ்டெயின்லெஸ் தண்டு வீண். பத்து நாளில் இன்னொன்று.

முதலாளி ஆண்ட்ரூவுக்கு முப்பத்தாறு வயது. அப்பாவுக்குப் பிறகு பட்டறையை எடுத்தவன்.

"கண்ணு தெரியலியாண்ணே?"

"தெரியுது தம்பி."

"சரக்கு கிரக்கு?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப இன்னா தான்? இன்னொரு தண்டு போச்சுனா நீ கேட்டாண்ட சேர் போட்டு உக்காந்துக்கோ. போன்னு சொல்ல மாட்டேன். ஆனா லேத்து உனக்குக் கெடயாது."

அந்த லேத்தை விட்டால் அவருக்கு வேறொன்றும் தெரியாது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மெர்லின் மாதா கோவில் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டு மாவரைக்கும் எந்திரத்தின் மோட்டாரைக் கழற்றினார். திரும்பி வந்தவள், குழவி தனியாகவும் கல் தனியாகவும் கிடந்ததைப் பார்த்தாள்.

"இன்னாயா பண்ற?"

"டூல் தீட்டற மெசினு கட்டப் போறேன். பெல்ட்டு ஓடும். கையால புடிக்க வேணாம்."

"அப்ப இட்லிக்கு?"

"பாக்கெட் மாவு வாங்கு."

"பாக்கெட் மாவு புளிக்குதுன்னு தட்ட தள்ளி வச்ச ஆளு நீதான?" என்றாள். ஆனால் தடுக்கவில்லை.

யாரோ வெளிநாட்டுக்காரன் கட்டியதை செல்போனில் நான்கைந்து முறை பார்த்திருந்தார். மூன்று உருளைகள், அவற்றைச் சுற்றி முடிவில்லாமல் ஓடும் உப்புத்தாள் பட்டை. பட்டைக்குப் பின்னால் அது உள்வாங்காமல் இருக்க ஒரு இரும்புத் தகடு. முன்னால் சாய்த்து நிறுத்தக்கூடிய ஒரு சின்ன மேசை. டூலை ஒரு கட்டைக்குள் திருகி, அந்தக் கட்டையை மேசைமேல் தள்ளினால் போதும். கோணத்தை மேசை பார்த்துக்கொள்ளும். சட்டத்துக்குப் பழைய கட்டிலின் ஆங்கிள் இரும்பு, பட்டையை இழுத்துப் பிடிக்க மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங். உருளைகளை மட்டும் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அலுமினியத்தில் கடைந்தார்.

பக்கத்து லேத்துக் கோதண்டம் தூக்குவாளியோடு வந்து நின்றான்.

"இன்னா மாமு, தேரு செய்றியா?"

"வூட்டுக்கு."

"வூட்டுக்குச் சக்கரம் போட்டு எங்க தள்ளிகினு போவப் போற?"

அருள்பிரகாசம் உருளையைத் திருப்பிப் பூட்டினார். பட்டை நழுவாமல் இருக்க உருளையின் இரண்டு ஓரத்திலும் கரை வைத்துக் கடைந்திருந்தார். கப்பி என்றால் கரை இருக்கும் என்பது முப்பது வருடப் பழக்கம். வீட்டு மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தபோது பட்டை ஒரு கரைமேல் ஏறி, முறுக்கிக்கொண்டு கிழிந்தது. கரையை இன்னும் உயர்த்திக் கடைந்தார். இரண்டாவது பட்டையும் கிழிந்தது. மூன்றாவது தடவை அலுமினியத்தை லேத்தில் பூட்டியபோது கோதண்டம் சாப்பாட்டை மூடி வைத்தான்.

"யோவ், மாவு மில்லுல பெல்ட்ட பாத்ததே இல்லியா நீ? கரைய எடுத்துக் கடாசு. நடுவுல அர மில்லி ஒசத்தி வுடு."

"நடுவுல ஒசந்தா நழுவிடாதா?"

"தண்ணி தான் பள்ளத்துக்கு ஓடும். பெல்ட்டு மேட்டுக்குத் தான் ஏறும். வெச்சு பாரு."

அப்படியே ஆயிற்று. பட்டை நடுவில் ஏறி உட்கார்ந்து, தடுக்க எதுவுமில்லாத இரண்டு ஓரங்களுக்கு நடுவே அசையாமல் ஓடியது. அடைத்து வைப்பதால் நிற்காத ஒன்று, திறந்துவிட்டதால் நின்றது. அருள்பிரகாசம் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை கீழ்வீட்டு ஜீனத் வெள்ளைச் சட்டை ஒன்றைப் பிடித்தபடி மாடியேறி வந்தாள்.

"அண்ணே, இன்னா இது? சட்டையெல்லாம் புள்ளி புள்ளியா துரு. துவைச்சா போவுமா இது?"

உப்புக்காற்று இரும்புத் தூளை ஒரே ராத்திரியில் துருவாக்கியிருந்தது. பட்டைக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, மேலே கோணியைக் கட்டினார். துணி காயும் நேரத்தில் ஓட்டுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

எஞ்சியது சூடு. கட்டைக்குள் இருந்தாலும் எஃகு சூடாகும், அதை அறிய விரல் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் டூலிலிருந்து கண் விலகும். கடைசியில் ஒரு வழி கண்டார். சிறுவயதில் மனப்பாடமான, மாதாவைப் பார்த்துச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம் எப்போது சொன்னாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். ஒரு ஜெபத்துக்குப் பட்டையில் வைப்பது, இரண்டு ஜெபத்துக்கு எடுத்துக் காற்றில் ஆறவிடுவது. தண்ணீரே வேண்டாம். சோதித்துப் பார்த்தார், முனை ஒருமுறைகூட நிறம் மாறவில்லை.

காபி கொண்டு வந்த மெர்லின் படியிலேயே நின்றுவிட்டாள். ஏழெட்டு வருடமாகக் கோவில் பக்கம் போகாத மனிதர்.

"ஜெபமா சொல்ற?"

"டைம் பாக்கறேன்."

அவள் காபியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

தடை முடியப் பதினொரு நாள் இருந்தபோது ஆண்ட்ரூ அவரிடம் ஒரு தண்டைக் கொடுத்தான். "இது தான்ணே கடைசி" என்றான். அருள்பிரகாசம் டப்பாவைத் திறந்து புதிதாகத் தீட்டிய டூலைப் பூட்டினார். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியம் வரை கடைந்தார். இரும்புச் சுருள்கள் ஒரே தடிமனில் உரிந்து விழுந்துகொண்டே இருந்தன. ஆண்ட்ரூ தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை மூன்று இடத்தில் வைத்தான், பிறகு நம்பாமல் நான்காவது இடத்திலும் வைத்தான்.

"சுத்தமா கீதுண்ணே."

"மூஞ்சி தெரியுது மாமு இதுல" என்றான் கோதண்டம். "ஆனா என் மூஞ்சி தெரியுது, அதான் பேஜாரு."

அருள்பிரகாசம் தண்டின் மேல் விரலை ஓட்டினார். வழவழப்பா சொரசொரப்பா என்று விரல் ஒன்றும் சொல்லவில்லை.

"லேத்து உன்னுது தான். கேட்டுக்கு வேற ஆள பாத்துக்கறேன்" என்று ஆண்ட்ரூ திரும்பினான்.

"தம்பி, ஒரு நிமிசம்."

அருள்பிரகாசம் லேத்தை ஓட்டினார். தண்டின் முனையில், வெட்டி எறியப்போகிற மிச்சத்தில், மெல்ல ஒரு வெட்டு கொடுத்தார். நீல நிறத்தில் புகைந்தபடி ஒரு சுருள் தட்டில் விழுந்தது. லேத்தை நிறுத்தி, அந்தச் சுருளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நின்றார். அதைக் கீழே போடவில்லை.

"யோவ், போடு அத" என்றான் கோதண்டம்.

"ரெண்டு வருசமா எனக்கு விரல்ல ஒண்ணும் தெரியல தம்பி" என்றார் அருள்பிரகாசம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்த ரெண்டு தண்டும் அதனால தான் போச்சு. அப்ப சொல்லல."

ஆண்ட்ரூ முதலில் விரலைப் பார்த்தான். பிறகு தண்டைப் பார்த்தான். மரத்துப்போன கையை ஓடுகிற லேத்துக்குப் பக்கத்தில் விட எந்த முதலாளியாலும் முடியாது. அது அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் கேட்டருகே உட்கார்ந்தார். எல்லாம் சரியாக வந்துவிட்ட பிறகு ஏன் வாயைத் திறந்தாய் என்று மெர்லின் ஒருநாள் கேட்டாள், கோதண்டம் பலநாள் கேட்டான். அருள்பிரகாசம் இரண்டு பேருக்கும் சொன்னது ஒன்றுதான்: "சுத்தமா கீதுன்னு தம்பி சொல்லிச்சு. என் விரலு சொல்லலியே."