கவுன்ட்டர் என்று ஒரு பதவி

அந்தக் கடையில் விற்பனை கிடையாது, எல்லாம் வாடகைதான். தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி, படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை, ஆக்சிஜன் மெஷின் என்று, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே கிடைக்கும். கடையை நடத்தியவளை ஊரில் எல்லோரும் கட்டில்காரம்மா என்றார்கள். போர்டில் இருந்தது அவளுடைய தம்பியின் பெயர்.

மூடப்போகிற ஓர் ஆஸ்பத்திரியின் பழைய கட்டில்களை ஏலத்தில் எடுத்து வந்து அப்பா கடை போட்டபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஆனாலும் அவன் பெயரில்தான் பதிவு செய்தார். பெண் நிலையாக எங்கே இருக்கப்போகிறாள் என்பது அவர் கணக்கு. கட்டில்களுக்குப் பெயின்ட் காய்வதற்குள் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது; முதல் கட்டிலில் அவரே படுத்தார். நிலையாக இருந்தவள் மகள்தான். இடையில் நடந்த அவள் கல்யாணம், வாடகைக்குப் போன நாற்காலியைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தது. இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். வேறு யாராவது சிரித்தால் முகம் மாறிவிடும்.

தம்பி படித்து முடித்து வந்து உள்ளறையில் உட்கார்ந்தான். வங்கி, ஆடிட்டர், ஆஸ்பத்திரி நிர்வாகிகள் அவன் பக்கம். வாசலில் கண் சிவந்து வந்து நிற்பவர்கள் இவள் பக்கம். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் வம்பு. கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள்.

சாஃப்ட்வேர் வேண்டும் என்று முதலில் சொன்னவள் அவள்தான். ஒருமுறை ஒரே ஆக்சிஜன் மெஷினை அவள் ஒரு வீட்டுக்கும் தம்பி இன்னொரு வீட்டுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒரு கிழவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்ததை அவள் பார்த்தாள். ஞாபகத்தில் கடை நடத்துவது அன்றோடு போதும் என்று முடிவு செய்தாள். சந்தையில் கிடைக்கும் ரெடிமேட் சாஃப்ட்வேரை வாங்கிப் பார்த்தார்கள். அது விற்கிற கடைகளுக்காகச் செய்தது. திரும்பி வந்த பொருளையெல்லாம் பழுது என்று எழுதியது. இவர்கள் கடையில் திரும்பி வராவிட்டால்தான் பழுது. அதனால் தனியாகச் செய்யச் சொல்வது என்று ஆயிற்று.

அதற்கு வந்தவர் ஒல்லியான மனிதர். பையை மார்போடு அணைத்துக்கொண்டு கவுன்ட்டர் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று மாதம் கேள்வியாகக் கேட்டார். அவருக்கு அவள் வைத்த பெயர் கேள்விக்காரர். நோயாளி இறந்துவிட்டால் வாடகை எந்த நாளோடு நிற்கும் என்று ஒருநாள் கேட்டார். இறந்த நாளோடு, கட்டில் திரும்பி வர ஒரு வாரம் ஆனாலும் சரி என்றாள். உள்ளறையிலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். இப்படி ஒரு வழக்கம் தன் கடையில் இருப்பது அவனுக்கு அன்றுதான் தெரியும்.

அவளாகக் கேட்டு வாங்கிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு சக்கரம் காணாமல் போனால் கிடங்குக்காரர் நான் இல்லை என்பார், வண்டிக்காரர் நான் இல்லை என்பார். இதில் அவள் சலித்துப் போயிருந்தாள். "யார் எதைச் செஞ்சாலும் பக்கத்துலயே அவங்க பேர் விழணும். அப்புறமா யாராலயும் அழிக்க முடியக் கூடாது," என்றாள். கேள்விக்காரர் அதைச் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

வேலை முடிந்து, கடையில் புதிய திரை ஒளிர்ந்த காலை அவள் தன் பெயரைத் தட்டி உள்ளே போனாள். மேல் மூலையில் அவள் பெயர் வந்தது. அதன் கீழே, 'கவுன்ட்டர்'.

முதலில் புரியவில்லை. ஒரு வீட்டில் துக்கம் என்று ஃபோன் வந்தது; வாடகையை நிறுத்தப் போனாள். ஓனர் அனுமதி தேவை என்றது திரை. முன்பணம் இல்லாமல் மெத்தை கொடுக்கப் பார்த்தாள், அதற்கும் அதே பதில். கிடங்குக்காரரின் பெயரைத் திறந்து பார்த்தாள். அவரும் கவுன்ட்டர். நேற்றுவரை அவளிடம் லீவு கேட்டுக்கொண்டிருந்த மனிதரும் அவளும் இப்போது ஒரே படியில் நின்றார்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கேள்விக்காரரை விசாரித்தாள். யாருக்கு என்ன அதிகாரம் என்ற தாளைத் தம்பிதான் நிரப்பி அனுப்பியிருந்தான்.

"மூணு மாசம் வீல் சேர் போல்ட்டு வரைக்கும் கேட்டீங்க. இதை மட்டும் ஏன் என்கிட்ட கேக்கல?" என்றாள்.

"தோணல மேடம்," என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு எரிந்தது.

தம்பி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சும்மா ஒரு பேர், ஓனர் என்று ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார், எது வேண்டுமானாலும் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நிமிடம் அனுமதி கொடுக்கிறேன் என்றான். கடையே உன்னுடையதுதான் அக்கா என்றும் சேர்த்துக்கொண்டான்.

கவுன்ட்டர் என்றால் கவுன்ட்டர். முன்பணம் குறைகிறதா, உள்ளே போங்கள். நாள் தள்ளி வேண்டுமா, உள்ளே போங்கள். அழுதுகொண்டு வந்தவர்கள் எல்லோரையும் அந்தக் குளிர்ந்த அறைக்கு அனுப்பினாள். அவன் அந்த ஒரு வாரத்தில் பார்த்த கண்ணீரை அதற்கு முன் வாழ்க்கையிலேயே பார்த்திருக்க மாட்டான். வேண்டுமென்றேதான் செய்கிறாய் என்றான். அதிகாரம் இல்லாதவள் வேறு என்ன செய்ய என்றாள்.

அப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் ஒரு பெண் வந்து நின்றாள். கணவனை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் நிற்கிறது, ஆம்புலன்ஸ் ஆக்சிஜனில்தான் அவன் இருக்கிறான், ஓட்டி வந்தவர்கள் கிளம்ப அவசரப்படுத்துகிறார்கள். கையில் முன்பணம் இல்லை. தம்பி வங்கிக்குப் போயிருந்தான், ஃபோனை எடுக்கவில்லை. திரை அனுமதி கேட்டது. கட்டில்காரம்மா திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தாள். இருந்த ஒரே மெஷினைத் தானே வண்டியில் தூக்கி வைத்து, வண்டிக்காரரிடம் போ என்றாள். பில் போடவில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை மெஷின் அலமாரியில்தான் இருந்தது.

திரும்பி வந்த தம்பி அந்த மெஷினைத் திரையில் பார்த்து, தெரிந்த டாக்டரின் அப்பாவுக்கு ஃபோனிலேயே வாக்குக் கொடுத்தான். பிறகு அலமாரிக்கு வந்தான்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு, கடைல இல்ல. எங்க போச்சு?"

"நான் கொடுத்தேன்."

"பில் எங்க? யாருக்கும் தெரியாம ஒரு பொருள் வெளிய போனா அதுக்குப் பேர் என்னன்னு தெரியுமா?"

கிடங்குக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். வந்திருந்த இரண்டு பேர் சுவரைப் பார்த்தார்கள்.

"தெரியும். சொல்லு," என்றாள் அக்கா. "வாய் வரைக்கும் வந்ததை முழுங்காத. சொல்லு."

அவன் நெருங்கி வந்து ஒரு துண்டுத் தாளில் எதையோ கிறுக்கி அவள் பக்கம் தள்ளினான். அவனுடைய பாஸ்வேர்டு. இனிமேல் என் பெயரிலேயே உள்ளே போ, யார் கேட்கப்போகிறார்கள், பிரச்சினை முடிந்தது என்றான். அவன் மனதில் அது பெரிய தாராளம்.

அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. "இத்தனை வருஷம் உன் பேர்லதான்டா செஞ்சேன். அப்போ எழுதி வைக்க ஆள் இல்ல, அதனால எனக்கும் உறைக்கல. இப்போ மெஷின் எழுதி வைக்குது. நான் குடுக்கறதெல்லாம் நீ குடுத்ததா எழுதும். திட்டு மட்டும் எனக்கா?"

பையை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் வீட்டுக்கு நடந்தாள். டாக்டரின் அப்பாவுக்கு வேறு கடையில் மெஷின் பிடிப்பது தம்பி பாடு என்று விட்டாள்.

மறுநாளும் அவள் போகவில்லை. அவளுடைய ஃபோனுக்கு வந்தவர்களையெல்லாம் ஓனரிடம் பேசுங்கள் என்றாள். கோபம் தணியும் என்று அவளே எதிர்பார்த்தாள். தணியவில்லை. உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அப்பாவரைக்கும் போனது. அப்பாவுக்குச் சோறு ஊட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கேள்விக்காரர் வீட்டுக்கே வந்தார். உங்களையும் ஓனராக மாற்றும்படி சார் சொல்லிவிட்டார், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். அவர் முகத்தில் நல்ல சேதி கொண்டுவந்தவரின் களை.

கட்டில்காரம்மா அவரை உட்காரச் சொன்னாள். "இப்போ நான் ஒரு கேள்வி கேக்கறேன். நாளைக்குத் தம்பிக்கு மனசு மாறினா, என்னை மறுபடியும் கவுன்ட்டர் ஆக்க முடியுமா?"

"முடியும். முதல் ஓனர் சார்தானே."

"அப்போ இது அவன் குடுத்த இன்னொரு பாஸ்வேர்டு. அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் ஒருத்தர் அதிகாரத்தை மாத்தலாம்னு செய்ய முடியுமா?"

"செய்யலாம் மேடம். பெரிய வேலை இல்ல."

"எழுதுங்க. அவன்கிட்ட கையெழுத்து வாங்குங்க. கடைப் பதிவுலயும் என் பேர் ஏறணும், அதையும் எழுதுங்க. சாஃப்ட்வேருக்கு ஒரு ஓனர், ஆபீஸ் பேப்பருக்கு வேற ஓனர்னா நாளைக்கு நீங்களே குழம்பிடுவீங்க."

கையெழுத்து உடனே வரவில்லை. தம்பி ஆடிட்டரிடம் போனான், மனைவியிடம் போனான், ஒருநாள் வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போனான். அதற்குள் கடையில் ஒரே கட்டில் மறுபடியும் இரண்டு வீடுகளுக்கு வாக்காகிவிட்டது. இந்த முறை இரண்டு வாக்கும் அவனே கொடுத்தது. பிறகுதான் கையெழுத்துப் போட்டான். மனம் திருந்தி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வேறு வழி இல்லாமல் போட்டான்.

அவள் போய் உட்கார்ந்தாள். முதல் வேலையாக அந்த ஆக்சிஜன் மெஷினைத் திறந்து, அது போன தேதியையும் வீட்டையும் ஏற்றினாள். முன்பணம் இல்லாததற்குக் காரணம் கேட்டது. நோயாளிக்கு மூச்சுத் திணறல் என்று அடித்தாள். பக்கத்தில் அவள் பெயர் விழுந்தது.

தம்பி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இப்போ சந்தோஷமாக்கா?"

"இல்ல," என்றாள் திரும்பாமல். "இதுக்குப் போய் நான் சண்டை போட வேண்டியிருந்ததே, அதை நீ எந்தக் கணக்குல எழுதுவ?"

அவள் தலையை நிமிர்த்தி, வாசலில் நின்றவரைப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாள்.