கிண்ணத்தில் இருந்த பெயர்

எள் வறுத்துக்கொண்டிருந்தவள் வைஜந்தா தாவரே. நாடாளுமன்ற உறுப்பினரான அவள் வீட்டில் எள் வறுக்க ஆளில்லாமல் இல்லை. ஆனாலும் சங்கராந்தி எள்ளுருண்டையை அவள் யாரிடமும் விடமாட்டாள். முதல் ஈடு உருட்டித் தட்டில் அடுக்கியாகிவிட்டது. மருமகள் மீனல் கீழே உட்கார்ந்து அடுத்த ஈட்டுக்கு வெல்லம் பொடித்தாள். கூடத்தில் பழைய வார்டுப் பெண்கள் மஞ்சள் குங்குமத்துக்கு வந்து நிறைந்துகொண்டிருந்தார்கள்.

"மீனல், கிண்ணப் பெட்டியைப் பிரி. வந்தவங்களுக்குக் குடுக்கணும்ல?"

"அப்புறம் பிரிக்கலாம் அத்தை."

"அப்புறம்னா? அவங்க வீட்டுக்குப் போன பிறகா?"

மீனல் எழவில்லை. வைஜந்தாவே பெட்டியைக் கிழித்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தாள். வருஷா வருஷம் அதன் விளிம்பில் அவள் பெயரைப் பொறித்து வாங்குவது வழக்கம். இந்த வருஷம் ராஜேந்திர தாவரே என்றிருந்தது. மகனின் பெயர். இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதே பெயர். தேர்தல் சித்திரையில். இந்தக் கிண்ணம் எதற்கு அச்சாரம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுப்பில் எள் கருகியது.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் ஆனந்தராவ் கவுன்சிலராக இருந்த வார்டு, இடஒதுக்கீட்டுக் குலுக்கலில் பெண்களுக்கு என்று விழுந்தது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அவர் மனைவியைப் போட்டு வைத்தார். "அஞ்சு வருஷம் பேருக்கு உக்காரு. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். அவளும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் நின்று, பெண்கள் காலிக் குடங்களோடு வாசலுக்கு வந்தார்கள். "நான் இல்லேன்னு சொல்லிடு" என்றார் ஆனந்தராவ். அவள் வெளியே போனாள். காய்கறி விற்கும் சுபத்ராவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, காலியாக நின்ற தண்ணீர் லாரியிலேயே மாநகராட்சி ஆணையர் வீட்டு வாசலில் போய் இறங்கினாள். அதற்குப் பிறகு படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

மேயரானபோது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒன்று போட்டிருந்தார்கள். அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒருநாள் சீக்கிரமே போய் அதைத் தூக்கி வெளியே போடச் சொன்னாள். அவர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் வீட்டில் சாப்பிடவில்லை. பிறகு டெல்லி. ஊர்ச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி அவள் பேசியபோது எதிர்வரிசையும் காது கொடுத்தது. ஊர் திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யார் எழுதிக் குடுத்தா?"

அதையெல்லாம் குடும்பம் என்று விழுங்கிக்கொண்டாள்.

"என்ன கருகுது?" என்று கேட்டபடி ஆனந்தராவ் வந்தார். பின்னாலேயே ராஜேந்திரன்.

அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

"மும்பைல பேசி முடிச்சாச்சு, வைஜந்தா. கட்சி ராஜூவைத்தான் நிறுத்துது. நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல."

"பாத்திரக் கடைக்காரனுக்குத் தெரியும். பேர் பொறிச்சவனுக்குத் தெரியும். வெல்லம் பொடிக்கிற மருமகளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் மனசு கஷ்டப்படும், இல்லீங்களா?"

மீனல் தலையை நிமிர்த்தவில்லை.

"உனக்கு முட்டி வலிம்மா. இன்னும் எத்தனை நாள் டெல்லிக்கு அலைவே? நான் என்ன வெளியாளா?" என்றான் ராஜேந்திரன்.

"உன் முட்டி நல்லாத்தானே இருந்துச்சு? வார்டுல நில்லுன்னு எத்தனை தடவை சொன்னேன். சாக்கடை நாத்தம் ஒத்துக்காதுன்னே. டெல்லில மணக்கும்னு யாரு சொன்னா?"

"ஏய், அவன்கிட்ட ஏன் பாயறே?" ஆனந்தராவின் குரல் ஏறியது. "அன்னைக்கு நான் உக்கார வைக்கலன்னா இன்னைக்கும் நீ இந்த அடுப்படியிலதான் கிடப்பே."

"இன்னைக்கும் அடுப்படியிலதானே நிக்கறேன்?"

கூடத்திலிருந்து சுபத்ராவின் குரல் வந்தது. "வைஜந்தாக்கா, எள்ளுருண்டை வருமா, இல்ல அதுக்கும் மசோதா கொண்டு வரணுமா?" சிரிப்பு எழுந்தது.

வைஜந்தா சிரிக்கவில்லை. கிண்ணத்தை மகனின் மார்புக்கு நேரே பிடித்தாள்.

"போ. நீயே குடு. பொம்பளைங்க கூடியிருக்கற இடம்னு கூச்சப்படாதே, அவங்க ஓட்டுதானே வேணும்? இனிமே அம்மாவுக்குப் பதிலா நான்னு அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

ராஜேந்திரன் அப்பாவைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

அவள் கிண்ணத்தைப் பெட்டிக்குள் எறிந்தாள். அது மற்றக் கிண்ணங்களில் மோதிக் கலகலத்தது. "மீனல், இதைக் கட்டிப் பரண்ல போடு. இந்த வருஷம் கிண்ணம் கிடையாது. யார் நிக்கப் போறாங்கன்னு அவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்."

முதல் உருண்டையைக் கணவர் கையில் கொடுத்து, எள்ளும் வெல்லமும் எடுத்துக்கொள்ளுங்கள், இனிமையாகப் பேசுங்கள் என்று சொல்வது அந்த வீட்டுப் பழக்கம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தட்டை எடுத்தாள். பழக்கதோஷத்தில் ஆனந்தராவின் கை பாதி உயர்ந்துவிட்டது. தட்டு அந்தக் கையைத் தாண்டிப் போனது.

"கட்சி இல்லாம நிக்கப் போறியா? பெத்த பிள்ளைக்கு எதிரா?" என்று அவர் கேட்டார்.

வைஜந்தா திரும்பிப் பார்க்காமல் கூடத்துக்குள் போனாள்.