முதல் படகில் அக்கா

என் அக்காவின் கணவர் பெரிய பயணிகள் கப்பலுக்குக் கேப்டனாக இருந்தார். வீட்டில் அவரைப் பார்க்கிறவர்கள் அதை லேசில் நம்பமாட்டார்கள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்றால், ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துடைத்து, ஒரு துணியில் வரிசையாக வைத்துவிட்டு, அப்புறம்தான் எங்கே ஒழுகுகிறது என்றே பார்ப்பார். அதற்குள் அக்காவுக்குப் பொறுமை போய்விடும்.

"இவரு கப்பலைக் கரை சேக்கறதுக்குள்ள கரையே தேஞ்சு போயிடும்" என்பாள்.

கப்பலில் அவருக்கு ஆமை என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஒருநாள் சமையல்காரர், "ஆமை வருது, சூப்பை மூடி வை" என்று உதவியாளிடம் சொன்னபோது, அத்தான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "ஆமைக்கும் ஒரு கிண்ணம் ஊத்துங்க" என்றார். சமையல்காரர் அன்றைக்கு ஊற்றிய சூப்பில் பாதி தரையில்.

அத்தானுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அத்தான் தளம் கழுவுகிற வேலையில் சேர்ந்து, பரீட்சை எழுதி எழுதி மேலே வந்தவர். தோற்ற பரீட்சைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். "ஊமைன்னு நெனச்சேன். சரி, சண்டை இருக்காதுன்னு ஒத்துக்கிட்டேன்" என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்குக் கப்பலின் துணி அறையில் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் சலவையிலிருந்து எங்கள் அறைக்கு வரும். கிழிந்ததைத் தைத்து, மற்றதை மடித்து அடுக்க வேண்டும். அங்கே யாரோடும் பேசவேண்டிய அவசியம் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பயணத்தில் அக்காவும் பயணியாக வந்திருந்தாள். மேல்தளத்தில் ஒரு கான்வாஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள். கேப்டன் வீட்டம்மா என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கேப்டனிடம் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் அவளிடம் வந்து கேட்பார்கள். "நாளைக்குக் காத்து அடிக்குமாம்மா?" "இந்த ஆட்டம் சாதாரணந்தானேம்மா?" அக்காவுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போய்த் தூங்குங்க" என்பாள். அவர்களும் போய்த் தூங்குவார்கள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கடல் தட்டு மாதிரி இருந்தது. நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். கீழே எங்கோ பெரிய பீரோ ஒன்றைச் சாய்த்துப் போட்டது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில், அடுக்கி வைத்த தலையணை உறைகள் தாமாகவே ஒரு பக்கமாகச் சரிந்தன. தண்ணீருக்கடியில் கிடந்த ஏதோ ஒரு பழைய கப்பலின் உடல் எங்கள் கப்பலின் வயிற்றைக் கிழித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

சுக்கான் அறையில் நடந்ததை எனக்குச் சொன்னவர் இன்ஜினியர். இடுப்பு வரை நனைந்தபடி அவர் மேலே ஓடியிருக்கிறார்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று அத்தான் கேட்டாராம்.

"இருட்டற வரைக்கும் தாங்கினாப் பெரிசு சார்."

துணை கேப்டன் குறுக்கிட்டு, "சரக்குக் கப்பல் ஒண்ணு நம்மள நோக்கி வந்துக்கிட்டிருக்கு சார். அதுவரைக்கும் பொறுத்துப் பாக்கலாமே? இப்பவே படகுல ஏத்தினா ஜனங்க பயந்துடுவாங்க" என்றிருக்கிறார்.

"நான் பொறுப்பேன். சாய்வு பொறுக்காது" என்றாராம் அத்தான்.

கப்பல் ஒரு பக்கம் சாயச் சாய, மறு பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். சாய்வு அதிகமாகிவிட்டால், தூக்கிக்கொண்ட பக்கத்துப் படகுகளைத் தண்ணீருக்கு இறக்க முடியாது. கப்பலின் சுவரிலேயே உராய்ந்து மாட்டிக்கொள்ளும். பாதிப் படகுகள் அந்தப் பக்கம்தான். அதனால் அந்தப் பக்கத்தை முதலில் நிரப்பி அனுப்ப வேண்டும்.

அத்தான் எங்கள் துணி அறை ஆட்களைக் கூப்பிட்டு, "உங்க துண்டையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க. ஒவ்வொரு அறையாத் தட்டிப் பாருங்க. ஆள் இல்லேன்னா கைப்பிடியில ஒரு துண்டைக் கட்டிட்டு அடுத்த அறைக்குப் போங்க. ஒரே கதவை ரெண்டு தடவை யாரும் தட்ட வேண்டாம்" என்றார். நடைபாதை முழுக்க வெள்ளைத் துண்டுகள் தொங்கத் தொங்க, ஜனங்கள் மேல்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நானும் கை நிறையப் போர்வைகளோடு ஏறினேன்.

பெண்களும் குழந்தைகளும் முதலில் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒருவரும் நகரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான தையல்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள். "நீ ஏறு, நான் பின்னாடி வரேன்" என்றார் அவர். "உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஏணிக்கும் கயித்துக்கும் வித்தியாசம் சொல்லுங்க பாப்போம். வாயை மூடிக்கிட்டு நில்லுங்க" என்றாள் அந்த அம்மா. எங்கு பார்த்தாலும் இதே பேச்சு. குழந்தைகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். முதல் படகில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிலும் ஒரு பெண் திரும்ப இறங்கி ஓடி வந்துவிட்டாள்.

மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தான் தானே ஒலிபெருக்கியை வாங்கினார்.

"குடும்பம் குடும்பமா ஏறுங்க. யாரும் யாரையும் விட்டுட்டுப் போக வேண்டாம். தனியா வந்தவங்க பக்கத்துல இருக்கற குடும்பத்தோட சேந்துக்கங்க."

"விதி அப்படி இல்லையே சார்" என்று துணை கேப்டன் சொன்னது ஒலிபெருக்கி வழியாக எல்லோருக்கும் கேட்டது.

"விதிப்படி போனா பாதிப் படகு காலியாப் போகும்" என்று அத்தான் சொன்னதும் கேட்டது.

குடும்பங்கள் கை கோத்துக்கொண்டு படகு வரை வந்தன. வந்து, நின்றுவிட்டன. படகு அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே வெகு ஆழத்தில் தண்ணீர். கால் வைத்து நின்ற தளமோ கெட்டியாக இருந்தது, விளக்கு எரிந்தது, மேசையில் தேநீர்கூட ஆறவில்லை. எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. அக்கா தன் கான்வாஸ் நாற்காலியில், லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தொந்தி பெருத்த ஒரு வியாபாரி உரக்கவே சொன்னார். "கேப்டன் வீட்டம்மாவே அசையக் காணோம். நாம எதுக்குய்யா அந்தத் தொட்டில்ல ஏறித் தொங்கணும்?"

அத்தான் இறங்கி வந்தார். எப்போதும்போல மெதுவாகத்தான் வந்தார். அக்காவின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நாற்காலிக்குப் பின்னால் நின்றதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"எழுந்திரு."

"நீங்க?"

"கடைசியா வருவேன்."

"அப்போ நானும் கடைசியாவே வரேன். குடும்பத்தோட ஏறச் சொன்னது நீங்கதானே? என் குடும்பம் இங்க இருக்கு."

அத்தான் சொன்ன வார்த்தை அவரிடமே திரும்பி வந்துவிட்டது.

"சுத்திப் பாரு. ஒருத்தரும் என்னைப் பாக்கல. உன்னைத்தான் பாக்கறாங்க. நீ உக்காந்திருந்தாக் கப்பலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கறாங்க."

"அதுக்கு நான் என்ன பொம்மையா? என்னைக் காட்டி ஜனங்களை ஏமாத்தப் போறீங்களா?"

"நீ உக்காந்திருக்கறதுதான் ஏமாத்து."

அக்கா சுற்றிலும் பார்த்தாள். தையல்காரர் மனைவியைப் பார்த்தாள். லைஃப் ஜாக்கெட்டைத் தலை வழியாக மாட்டிக்கொண்டாள். அத்தான் நாடாவைக் கட்டிவிட்டார். அதற்கும் நேரம் எடுத்துக்கொண்டார். அவள் திட்டவில்லை.

படகில் ஏறி உட்கார்ந்ததும் திரும்பி, "என்ன வேடிக்கை பாக்கறீங்க? கப்பல் முழுகுது. வாங்க!" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகு கூட்டம் நிற்கவில்லை. தையல்காரர் ஏறினார், அவர் மனைவி ஏறினாள், அந்த வியாபாரியும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தூக்கின பக்கத்துக் கடைசிப் படகு இறங்கும்போது கப்பலின் சுவரில் உராய்ந்துகொண்டே போனது. ஆட்கள் துடுப்பால் தள்ளித் தள்ளி இறக்கினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அது இறங்கியிருக்காது. தாழ்ந்த பக்கத்துப் படகுகள் சுலபமாகப் போயின. அவற்றில் ஒன்றில் நானும் போனேன். சமையல்காரர், இன்ஜினியர், அத்தான் மூவரும் கடைசிப் படகு. பொழுது சாயும்போது கப்பல் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. ஒரு உயிரும் அதோடு போகவில்லை.

எங்களை ஏற்றிக்கொண்ட சரக்குக் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ கொடுத்த தேநீரைக் குடிக்கவே இல்லை. கடைசியில் அத்தான் கயிற்றேணியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

"இப்பவாவது கொஞ்சம் வேகமா ஏறக் கூடாதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழுதாள்.

ஊர் திரும்பியதும் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. படகில் அக்கா. மேலே கொட்டை எழுத்தில், 'கேப்டன் மனைவிக்கு முதல் படகு'. விசாரணையிலும் அத்தானிடம் அதைத்தான் கேட்டார்கள். முதலில் அனுப்பியது உண்மையா என்றார்கள். உண்மை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, அவள் போனால்தான் மற்றவர்கள் போவார்கள் என்று நினைத்தேன், போனார்கள் என்றார். அவர் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். அந்தச் செய்தி உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. அதை யார் படித்தார்கள்?

"பத்திரிகைக்கு நீங்களே எழுதுங்க" என்று அக்கா நச்சரித்தாள்.

"பேசறவங்க பேசிட்டுப் போகட்டும்."

"உங்களுக்கென்ன? கடைக்குப் போறவ நான்."

போன மாதம் காய்கறிக் கடையில் ஒரு பெண் எங்கள் காதில் விழும்படி, "சில பேருக்கு எங்க போனாலும் மொதல் வரிசைதான். கப்பல் முழுகினாக்கூட மொதல் படகு" என்றாள். வழக்கமாக அக்கா பேசாமல் வந்துவிடுவாள். அன்றைக்கு வெண்டைக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஆமாம்மா, மொதல் படகுலதான் போனேன். அவரை அங்க விட்டுட்டுப் போனேன். உங்க வீட்டுக்காரரை அப்படி ஒரு எடத்துல விட்டுட்டு எழுந்து போய்ப் பாருங்க. அப்புறம் வந்து பேசுங்க."

வெறும் பையோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அத்தான் அவள் கையிலிருந்த பையை வாங்கி மடித்து வைத்தார்.

"அன்னிக்கு நீ எழுந்திருக்கலன்னா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல" என்றார்.

"என்ன செஞ்சிருப்பீங்க? தூக்கிட்டுப் போய்ப் படகுல போட்டிருப்பீங்க."

"உன்னையா? என் இடுப்பு என்னாகறது?"

அக்கா சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் கடைக்கு நீங்களும் வாங்க. உங்க முன்னாடி சொல்லட்டும் பாப்போம்" என்றாள்.

அத்தான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்குன்னுதானே சொன்னேன்?"

"வெண்டைக்காய் இன்னிக்குத்தானே வேணும்" என்று பையை எடுத்துக்கொண்டார். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எனக்குக் கையைக் காட்டிவிட்டு, அக்காவும் அவர் பின்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.