ஆடி வெள்ளியன்று நான் இடித்த கார்

எங்கள் கார் ஓடவில்லை என்றால் என் மகன் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டான். இது தெரிந்தால்தான் நான் அன்று ஏன் அப்படிப் பயந்தேன் என்று உங்களுக்குப் புரியும். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வசந்தி. சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். கணவர் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கிறார். போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். ஒரே மகன் பரத். இருபத்து மூன்று வயது. அவனுக்கு ஆட்டிசம். பேச்சு மிகவும் குறைவு. திங்கள் முதல் வெள்ளிவரை அவனைப் போன்றவர்களுக்கான பகல்நேர நிலையத்துக்குப் போவான். அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், துண்டு மடிப்பான். அதுதான் அவன் உலகம். பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் அவனால் போக முடியாது. ஒரு முறை ரயில் கதவு மூடும் சத்தத்தில் மிரண்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினான். டாக்ஸியில் ஏறச் சொன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவான். எங்கள் பழைய காரில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறிக்கொள்வான்.

போன வருடம் ஆடி மாதம். வெள்ளிக்கிழமை. பரத்தின் நிலையத்துக்கு அன்று விடுப்பு சொல்லிவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு சிராங்கூன் சாலையில் இருக்கும் நம் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன். காலையில் சீக்கிரம் போய்விட்டால் கூட்டம் இருக்காது, பரத்தும் சமாளித்துக்கொள்வான். அன்று கிளம்பவே தாமதமாகிவிட்டது. லிட்டில் இந்தியாவில் கார் நிறுத்த இடமே இல்லை. சுற்றிச் சுற்றி ஒரு சின்னச் சந்துக்குள் திரும்பினேன். முன்னால் போன வெள்ளைக் கார் ஆளை இறக்கிவிட நின்றது. அதே நேரம் பரத் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான். ஒரு நொடி திரும்பினேன். இடித்துவிட்டேன்.

பெரிய மோதல் இல்லை. அந்தக் காரின் பம்பர் உள்ளே போயிருந்தது. என் காரில் ஒரு பக்க விளக்கு உடைந்து, பானெட் தூக்கிக்கொண்டது. இறங்கிய பயணி தன் பையை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். ஆனால் பரத் கத்தத் தொடங்கிவிட்டான். கண்ணாடியில் கையால் அடித்தான். கடை வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளைக் காரிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி வந்தார். தமிழர்தான்.

"என்னம்மா, முன்னால கார் நிக்கறது தெரியலயா?"

"மன்னிச்சிருங்கண்ணே. தப்பு என்னுதுதான்."

"சரி, லைசென்ஸ் காட்டுங்க. இன்சூரன்ஸ்ல போட்டுரலாம்."

"அண்ணே, இன்சூரன்ஸ் வேணாம். உங்க காரை நானே சரி பண்ணிக் கொடுத்துடறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அப்புறம் போன் எடுக்க மாட்டாங்க. இது எனக்குச் சோறு போடற கார்மா."

அவர் பெயர் ராஜேந்திரன். சொந்தக் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றி ஓட்டுபவர். இருவரும் படம் எடுத்துக்கொண்டோம், எண்களை மாற்றிக்கொண்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கோயில் வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. நான் உள்ளே போகவில்லை. பரத்தை அமைதிப்படுத்தி, ஒடுங்கிய காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

இன்சூரன்ஸ் வேண்டாம் என்று நான் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் காரில் மோதி, க்ளெய்ம் போயிருந்தது. காரும் பழையது. இன்னொரு க்ளெய்ம் வந்தால் அடுத்த முறை இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கிடைப்பதே கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்ட முடியாது. கார் இல்லாமல் பரத்தின் வாழ்க்கை நான்கு சுவருக்குள் முடிந்துவிடும்.

சிராங்கூனில் இருக்கும் என் கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அவர் என்னைத்தான் கடிந்துகொண்டார்.

"அண்ணி, தப்பு என்னுதுன்னு ஏன் வாயைக் கொடுத்தீங்க? இப்ப யாருக்கும் சொல்லாதீங்க. ரிப்போர்ட்டும் பண்ணாதீங்க. அந்த ஆள்கிட்ட பேசி முடிச்சிருங்க லா."

எனக்கு அது சரியாகப் படவில்லை. மறுநாள் காலையில் இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். போன் எடுத்த பெண் பொறுமையாக விளக்கினார். இருவரும் தனியாகப் பேசி முடித்துக்கொள்ளலாம். ஆனால் விபத்து நடந்ததை அவர்களிடம் உடனே தெரிவிப்பது கட்டாயம். தெரிவிப்பது வேறு, க்ளெய்ம் கேட்பது வேறு என்றார். அவர் சொன்ன இடத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தேன். மனசு கொஞ்சம் லேசானது. யாருக்காவது காயம் என்று வந்துவிட்டால் மட்டும் விஷயம் அவர்கள் கைக்குப் போய்விடும் என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை ராஜேந்திரன் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. கழுத்து வலிக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

காயம் என்று வந்தால் எல்லாம் இன்சூரன்ஸ் கைக்குப் போய்விடுமே. கணவரை உடனே பிடிக்க முடியவில்லை. உடைந்த விளக்கோடு காரை ஓட்டவும் பயம். பரத் வீட்டிலேயே இருந்தான். நிலையத்துக்குப் போகும் நேரம் ஆனதும் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகில் நிற்பான். நான் கதவைத் திறக்கவில்லை என்றதும் நெற்றியைச் சுவரில் மோதத் தொடங்குவான். நான் என் உள்ளங்கையை அவன் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்பேன். இப்படியே இரண்டு நாள் போனது.

செவ்வாய்க்கிழமை மதியம் அவன் களைத்துத் தூங்கிவிட்டான். நான் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். அழகாகப் பிரார்த்தனை செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டைதான் போட்டேன். "உன்னைப் பார்க்கத்தானே வந்தேன். வாசல்வரைக்கும் வரவச்சு இப்படிப் பண்ணிட்டியே. உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று அழுதேன். பிறகு வேண்டினேன். "தாயே, அந்த ஆள் சொல்ற கழுத்துவலி பொய்யா இருக்கணும்."

சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து வந்த வார்த்தை என் காதிலேயே விழுந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் பொய்யராக இருக்க வேண்டும் என்று அம்பாளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இடித்தது நான். நான்கு நாட்களாக என் கார், என் மகன், என் இன்சூரன்ஸ். அந்த மனிதருக்கு அடிபட்டதா என்று ஒரு முறைகூட நான் கேட்கவில்லை.

வெட்கமாக இருந்தது. விளக்கை மறுபடி ஏற்றினேன். "அவர் கழுத்து குணமாகணும். அவர் பிழைப்பு கெடக்கூடாது. மத்தது உன் இஷ்டம்" என்று சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் சொன்னேன். சொன்ன பிறகு அழுகை நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன்.

"நான் இன்னும் முடிவு பண்ணலம்மா," என்றார் எடுத்ததுமே.

"அதுக்கு இல்லண்ணே. கழுத்து எப்படி இருக்குன்னு கேக்கத்தான் போன் பண்ணேன். அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்கல."

 

"டாக்டர் பார்த்துட்டாரு," என்றார். குரல் மாறியிருந்தது. "எலும்புல ஒண்ணும் இல்ல. தசைப்பிடிப்புதான். மாத்திரை போட்டேன், இன்னைக்குப் பரவாயில்ல. நாள் முழுக்க ஓட்டறவனுக்குக் கழுத்து வலிக்காம இருக்குமா?"

"நல்லதுண்ணே."

"உண்மையைச் சொல்றேன்மா. என் மருமகன்தான் வக்கீலைப் பாருங்க, கழுத்துன்னு சொன்னா பெரிசா வாங்கலாம்னு சொல்லிக்கிட்டே இருக்கான். எனக்கு மனசு ஒப்பல. அதான் உங்களுக்குப் பதில் சொல்லாம இருந்தேன்." பிறகு கேட்டார். "அன்னைக்குக் கார்ல கத்துனது உங்க பையனா? அவனுக்கு அடி ஒண்ணும் படலையே?"

விபத்து நடந்ததிலிருந்து பரத்துக்கு அடிபட்டதா என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். சொந்தக்காரர்கள்கூடக் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நிலையம், ரயில், சுவர் எல்லாம். 

"சரிம்மா. இன்சூரன்ஸ் வேணாம். உட்லண்ட்ஸ்ல எனக்குத் தெரிஞ்ச பட்டறை இருக்கு. ரெண்டு காரையும் அங்கயே விடுவோம்."

சனிக்கிழமை காலை, வேறு வழியில்லாமல் உடைந்த காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பரத்தை விட்டுவர ஆள் இல்லாததால் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். இதற்குள் கணவரிடம் பேசி, சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தேன். ராஜேந்திரன் அண்ணனின் பம்பரை மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். வேலை கெட்ட நேரத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பட்டறைக்கு ஆனது போதும் என்றார். இதோடு முடிந்தது, இரண்டு பக்கமும் இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். இப்படிப் பேசி முடிப்பவர்கள் தயவுசெய்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் நல்லவர் என்று தெரிந்தும் நாங்கள் எழுதித்தான் வைத்தோம்.

அப்போதுதான் பட்டறைக்காரர் என் காருக்குச் சாமான் வர வேண்டும், ஒரு வாரம் ஆகும் என்றார். உட்லண்ட்ஸிலிருந்து புக்கிட் பாஞ்சாங்குக்குப் பரத்தை எப்படிக் கூட்டிப்போவது? இதை நான் யோசிக்கவே இல்லை.

"என் கார்ல விடறேன் வாங்க," என்றார் அண்ணன்.

"ஏற மாட்டாண்ணே. எங்க கார் தவிர எதுலயும் ஏற மாட்டான்."

"ஏறலன்னா பரவாயில்ல. கேட்டுப் பாக்கறதுல என்ன?"

அவர் பரத்தைக் கூப்பிடவில்லை. கையைப் பிடிக்கவில்லை. ரேடியோவை நிறுத்தினார். போனை அணைத்து, முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டப்பாவுக்குள் போட்டார். பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு, நாலு எட்டு தள்ளிப்போய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் போய் ஏதோ சொல்ல, அந்தச் சத்தமும் நின்றது. பரத் காரைப் பார்த்தான். கதவைத் தொட்டான். விலகினான். மறுபடி தொட்டான். நான் வாய்க்குள் "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு வார்த்தையே வரவில்லை.

வெகுநேரம் ஆனது. பிறகு பரத் தலையைக் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அண்ணன் மெதுவாக ஓட்டி எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். இறங்கியதும் நன்றி சொன்னேன். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரம் முழுவதும் அவர்தான் பரத்தை நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். முதல் மூன்று நாள் நானும் கூடப் போனேன். நான்காம் நாள் வாசலில் நின்று கையசைத்தேன். பரத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்றவளுக்கு இதில் சந்தோஷம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பரத் போன்ற பிள்ளையைப் பெற்றவர்கள் கேட்க மாட்டார்கள்.

எனக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் பலமுறை சொல்லியும், நான் படுத்துவிட்டால் பரத்தை யார் கூட்டிப்போவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இந்த வருடத் தொடக்கத்தில் செய்துகொண்டேன். அதற்காகக் கணவர் விடுப்பில் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவர் அலைந்த நாட்களில், ராஜேந்திரன் அண்ணன்தான் பரத்தைக் கூட்டிப்போய் வந்தார். வழக்கமான வாடகையைக் கட்டாயப்படுத்திக் கொடுக்கிறோம். சில நாள் வாங்குவார், சில நாள் மறந்ததுபோல் போய்விடுவார். "பையன் போய்ச் சேந்துட்டான்" என்று எனக்கு வார்டுக்குச் செய்தி அனுப்புவார். அதைப் படித்த பிறகுதான் நான் கண்ணை மூடுவேன்.

இன்சூரன்சும் பிரச்சினையில்லாமல் புதுப்பித்துக் கிடைத்தது. மனசுக்குள் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். என்னையும் கணவரையும் விட்டால் பரத்துக்கு வேறு யாருமே இல்லை என்ற பயம் எனக்கு இருபது வருடப் பயம். அதை அம்பாளிடம் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வந்ததில்லை. கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தாள்.

இப்போது நான் வேண்டும்போது என் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. யாரோடு மனஸ்தாபமோ அவர் பெயரையும் சொல்லித்தான் விளக்கேற்றுகிறேன். முதலில் மனசு வராது, சொல்லச் சொல்ல வரும். உங்களில் யாராவது இன்று ஒரு வழக்கிலோ தகராறிலோ மாட்டிக்கொண்டு தூக்கமில்லாமல் இருந்தால், செய்ய வேண்டியதை நேர்மையாகச் செய்யுங்கள். உங்களுக்காக அழுங்கள், சண்டையும் போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். எதிரில் நிற்கும் அந்த மனிதருக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு அவளிடம் விட்டுவிடுங்கள்.

இந்த ஆடியிலும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருகிறோம். கூட்டம் கலைந்த பிறகு, பின்வாசல் பக்கம் பரத்தோடு நின்றுகொண்டிருப்பேன். மனசில் பாரம் இருந்தால் வந்து பேசுங்கள். சேர்ந்து வேண்டிக்கொள்வோம்.